என் மாடியில் மையம் கொண்ட புயல்

ஐப்பசி மாதத்தில் கள்ளக்குறிச்சியில் ஒரு புயல் மையம் கொண்டிருந்தது, எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மட்டும். அக்கா மகன் வாங்கி அனுப்பிய வானிலைக் கருவி, காற்றழுத்தம் 996 ஹெக்டோபாஸ்கல் என்று காட்டியது. வங்கக்கடலில் புயல் உருவாகும்போது காதில் விழுகிற எண் அது. எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "காயப்போட்ட மல்லாட்டையை உள்ள எடுத்துடுங்க" என்றேன். பாவம், நம்பி மூட்டை மூட்டையாக இழுத்தார். மறுநாள் வெயில் மண்டையைப் பிளந்தது.

கருவியை அமைக்கும்போது 'உயரம்' என்று ஒரு கட்டம் வந்தது. வீட்டு உயரம்தான் என்று நினைத்து 7 மீட்டர் என்று போட்டிருந்தேன். அது கேட்டது கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு என்று. தரையை ஒட்டிய காற்றில் ஏறக்குறைய 9 மீட்டர் ஏறினாலே 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்துவிடும். நம் ஊர் என்ன கடற்கரையிலா இருக்கிறது?

ஆறுதலுக்கு எனக்கு லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் இருக்கிறார். முதல் உலகப்போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டிய ஆங்கிலேயர். 1910 மே 20-ஆம் தேதி அளவுகளை வைத்து, கையாலேயே கணக்குப் போட்டு வானிலையைக் கணிக்கப் பார்த்தார். ஆறு மணி நேரத்தில் அழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் எகிறும் என்று விடை வந்தது. அன்று அழுத்தம் ஏறக்குறைய அசையவே இல்லை. அவர் பிடித்த வழி சரி. உள்ளே கொடுத்த காற்றளவும் அழுத்த அளவும்தான் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அந்தத் தோல்வியை மறைக்காமல் 1922-இல் புத்தகமாகவே போட்டார். நானோ எதிர்வீட்டில், புயல் திசைமாறிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

என்னைப் போல ஊருக்கு ஒருவர் அளந்து அனுப்பினால், நொய்டாவில் உள்ள தேசிய முன்கணிப்பு மையம் அப்படியே வாங்கிக் கணினியில் போட்டுக்கொள்ளும் என்பது என் நினைப்பு. பிறகு படித்துப் பார்த்தால் சங்கதி வேறு. அந்தக் கணினியில் ஓடும் வானிலை மாதிரி (model) ஒன்றுமில்லாத இடத்திலிருந்து தொடங்குவதில்லை. சில மணி நேரம் முன்பு தானே போட்ட கணிப்பை முதல் ஊகமாகக் கையில் வைத்திருக்கிறது. வருகிற அளவுகளை அதோடு ஒப்பிடுகிறது. ஊகத்தில் எவ்வளவு பிழை இருக்கும், அளவில் எவ்வளவு இருக்கும் என்று எடைபோட்டு, இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தில் வந்து நிற்கிறது. ஆட்டோக்காரர் சொல்வதையும் பங்காளி சொல்வதையும் நாம் ஒரே மாதிரியா நம்புகிறோம்? மிதமிஞ்சி விலகிய எண்ணைச் சேர்ப்பதே இல்லை. என் 996 அங்கே போயிருந்தால் வாசலோடு திரும்பியிருக்கும்.

நம் ஊர் வானத்தைப் பற்றி மாதிரிக்கு ஏதாவது தெரிகிறதென்றால், அது செயற்கைக்கோள்கள் கடல்மேல் பார்க்கும் கதிர்வீச்சால், விமானங்கள் போகிற போக்கில் அனுப்பும் காற்றளவால், சென்னையிலும் காரைக்காலிலும் பறக்கவிடும் பலூன்களால். எங்கோ ஏறிய பலூன் கள்ளக்குறிச்சியின் நாளைய மழையைத் திருத்துகிறது. இங்கே பெய்த மழையை நான் அளந்த எண்ணோ, பெரும்பாலான உலக மாதிரிகளுக்கு உள்ளே போவதே இல்லை. கணிப்பு பலித்ததா என்று பின்னால் சரிபார்க்கத்தான் மழைமானி. இது எனக்குத் தெரிந்தது, மழைமானி வாங்கிய பிறகு.

அதையும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரு காலை, 14 மில்லிமீட்டர். இரவு முழுக்க நட்சத்திரம். மேகமில்லாமல் பெய்த மழையைப் பற்றி நான் வியந்துகொண்டிருக்க, வீட்டம்மா கீழிருந்தே சொன்னாள்: "மழையும் இல்ல ஒண்ணும் இல்லீங்க. மோட்டாரை நிறுத்த மறந்துட்டீங்க."

வெள்ளிமலையில் சாமை போடும் நண்பர் ஒருவர் எப்போதாவது போன் செய்வார். "சார், மேல மழை உண்டா? களத்துல காயுது." நான் வானிலைச் செயலியைப் பார்த்துவிட்டு, இல்லை என்பேன். சாயந்திரம் கொட்டித் தீர்க்கும். 12 கிலோமீட்டர் சதுரக் கட்டம் போட்டுப் பார்க்கிற மாதிரியில் கல்வராயன் மலையின் முகடும் பள்ளமும் ஒரே சராசரி உயரமாகிவிடுகின்றன. நிஜ மலையில் முட்டி மேலேறும் காற்று அந்தச் சப்பை மலையில் அப்படி ஏறுவதில்லை. 2025 மே மாதம் இந்திய வானிலைத் துறை 6 கிலோமீட்டர் மாதிரியைக் கொண்டுவந்தது. மலைக்கு அதுவும் பெரிய சல்லடைதான். இதையெல்லாம் அவருக்கு விளக்கி, "கட்டம் பெரிசுப்பா" என்றேன். "என் கட்டத்துல சனி, சார்" என்று வைத்துவிட்டார்.

இவையெல்லாம் பரவாயில்லை. ஒரு நாள் செயலி 30 மில்லிமீட்டர் என்றது. என் மழைமானியில் 11. முருங்கைக்கிளை மறைத்திருக்கும், கொஞ்சம் ஆவியாகியிருக்கும் என்று எனக்கு நானே வக்காலத்து வாங்கி, நோட்டில் 25 என்று எழுதினேன். அடுத்த மழைக்கும் அப்படியே. கணிப்பைத் திருத்தத்தான் அளவு. நான் கணிப்பைப் பார்த்து அளவைத் திருத்திக்கொண்டிருந்தேன். அந்த எடைபோடும் கணக்கு முழுவதும், ஊகத்தைப் பார்த்து அளவு காப்பியடித்திருக்காது என்ற நம்பிக்கையில்தான் நிற்கிறது.

அழித்து எழுதிய அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. அதே பக்கத்தின் ஓரத்தில் என் கையெழுத்திலேயே ஒரு குறிப்பு: 'செயலி அபாரத் துல்லியம்.'