லைனை நிறுத்தத் தெரியுமா?

‘லீன்’ என்பது ஆள்குறைப்புக்கு வைத்த நாகரிகப் பெயர்தானே?
– தொழிற்சங்க உறுப்பினர், அம்பத்தூர்

பல முதலாளிகள் அப்படித்தான் படித்திருக்கிறார்கள். உங்கள் சந்தேகத்தில் குற்றமில்லை. ஆனால் விரயத்தைக் குறைக்கும் இந்த உற்பத்தி முறை பிறந்த வீட்டின் கதை வேறு. 1950-இல் டொயோட்டா திவாலின் விளிம்பில் நின்றது. ஆட்களை வெளியே அனுப்பியது, வேலைநிறுத்தம் வெடித்தது, கடைசியில் கம்பெனியைத் தொடங்கிய கீச்சிரோ டொயோடாவே தலைவர் பதவியை விட்டு விலகினார். அதன்பிறகு டொயோட்டா பொறியாளர் தாய்ச்சி ஓனோ வளர்த்தெடுத்த முறை, ‘தொழிலாளி நாளைக்கும் இங்கேதான் இருப்பார்’ என்ற நம்பிக்கையின் மேல் நின்றது. யோசனை சொன்னால் தன் வேலைக்கே ஆபத்து என்றால் யார் வாய் திறப்பார்? ‘லீன்’ என்ற பெயரை 1988-இல் சூட்டியவர் ஜான் கிராஃப்சிக் என்ற அமெரிக்கர். ஓனோ ஆலையில் அந்தப் பெயரே கிடையாது.

டாக்ட் டைம் கணக்கை ஒரே மூச்சில் சொல்ல முடியுமா?
– டிப்ளமோ மாணவர், ஓசூர்

வேலைக்குக் கிடைக்கும் நேரத்தை, வாடிக்கையாளர் கேட்கும் எண்ணிக்கையால் வகுங்கள். முடிந்தது.

மூச்சு மிச்சமிருப்பதால் உதாரணமும் தருகிறேன். ஷிஃப்ட் 480 நிமிடம். சாப்பாட்டுக்கு 30, டீக்கு 20 போனால் 430. அன்றைய ஆர்டர் 215. ஆக, 2 நிமிடத்துக்கு ஒரு பீஸ். ஒரு பீஸில் மொத்தம் 9 நிமிட வேலை என்றால், 9-ஐ 2-ஆல் வகுக்க நாலரை ஆள். அரை ஆளை எந்த ஏஜென்சியும் அனுப்பாது, ஐந்து பேர் வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வேலையை ஐந்து பேருக்கும் சமமாகப் பங்கிட்டால், ஒவ்வொருவரும் கொஞ்சம் மெதுவாகச் செய்வார். சும்மா இருக்கும் நேரம் யார் கண்ணிலும் படாது. நாலு பேருக்கு முழு வேலை கொடுத்துவிட்டு, ஐந்தாமவரைப் பாதி நேரம் வெளிப்படையாகச் சும்மா நிற்க விடுங்கள். அந்த அரை ஆள் வேலையை எப்படிக் குறைப்பது என்று லைனே யோசிக்கும்.

அந்தக் கணக்கில் மெஷின் ரிப்பேர் நேரத்தையும் கழித்துவிடலாமா?
– சூப்பர்வைசர், ராணிப்பேட்டை

கூடாது. டாக்ட் என்பது வாடிக்கையாளரின் கடிகாரம். உங்கள் மெஷின் படுத்துக்கொண்டால் அவருக்கென்ன? பழுதுக்கு இடம் விட வேண்டுமென்றால், 120 விநாடி டாக்டுக்கு, 110 விநாடிக்கு ஒரு பீஸ் என்ற சைக்கிள் டைமில் ஓட்டுங்கள். அந்த 10 விநாடி பழுதுக்குக் கட்டும் வட்டி என்று எல்லோருக்கும் தெரியட்டும்.

கான்பன் அட்டை எத்தனை போடுவது?
– ஸ்டோர்ஸ் பொறுப்பாளர், கோவை

பெட்டிக்கு ஓர் அட்டை, பெட்டி காலியானால் ‘நிரப்பு’ என்று சொல்வது அதுதான். நாள் தேவை 400 என்று வையுங்கள். காலிப் பெட்டி போய் நிரம்பித் திரும்ப அரை நாள். பாதுகாப்புக்கு 20 சதவீதம். பெட்டிக்கு 40 பீஸ். 400 × 0.5 × 1.2 = 240. அதை 40-ஆல் வகுத்தால் 6 அட்டை. ஒரு மாதம் ஓடியபின் சத்தமில்லாமல் ஓர் அட்டையை எடுத்து டிராயரில் போடுங்கள். யாரும் கூச்சல் போடாவிட்டால் அந்த அட்டை தேவையே இல்லை. கூச்சல் வந்தால் இன்னும் நல்லது, கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது.

எங்கள் லைனிலும் ஜப்பான் மாதிரி ‘நிறுத்து’ கயிறு கட்டினோம். ஒரு வருடமாக யாரும் இழுக்கவில்லை. தரம் உயர்ந்துவிட்டதாகக் கொள்ளலாமா?
– தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு, ஸ்ரீபெரும்புதூர்

முதலில் இழுத்தவர் இப்போது எந்த டிபார்ட்மெண்டில் இருக்கிறார் என்று விசாரியுங்கள்.

டொயோட்டாவில் கயிற்றை இழுத்தால் திட்டு விழாது, டீம் லீடர் ஓடி வருவார். குறித்த இடத்தை வண்டி அடைவதற்குள் சரிசெய்தால் லைன் ஓடிக்கொண்டே இருக்கும், முடியாவிட்டால் நிற்கும். இந்தப் புத்தி காரில் வந்ததல்ல, தறியில் வந்தது. கீச்சிரோவின் அப்பா சகிச்சி 1924-இல் முடித்த தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். ஓட்டைத் துணி நெய்துகொண்டே போகாது. அதனால் ஒரே ஆள் பல தறிகளைப் பார்க்க முடிந்தது. உலகத்துக்கே தறி விற்ற இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் 1929-இல் அதன் உரிமையைக் காசு கொடுத்து வாங்கியது. உங்கள் கயிறு வெறும் தோரணம். இழுப்பவருக்கு அனைவர் முன்னாலும் நன்றி சொல்லுங்கள், பிறகு பாருங்கள்.

மெஷின் இயக்கம், வேகம், தரம் மூன்றிலும் 90 சதவீதம். ஆனால் ஓ.இ.இ. (மெஷினின் ஒட்டுமொத்தச் செயல்திறன்) 73 என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?
– பராமரிப்புப் பொறியாளர், திருச்சி

சராசரி எடுத்து ஏமாற்றிக்கொள்வது நீங்கள்தான். 0.9 × 0.9 × 0.9 = 0.729. இன்னொன்று: யாரும் கேட்காத சரக்கை இரவெல்லாம் ஓட்டித் தள்ளினாலும் இந்த எண் ஏறும், கூடவே குடோனும் நிரம்பும். ஓனோ வகுத்த ஏழு விரயங்களில் மிக மோசமானது அதுதான்.

ஒரு பீஸில் 20 நிமிட வேலைதான். ஆனால் உள்ளே போனது வெளியே வர 6 நாள் ஆகிறதே?
– பம்ப் தயாரிப்பாளர், கோவை

லைனில் எத்தனை பீஸ் கிடக்கிறது? நானே சொல்லவா? தினம் 100 பீஸ் முடிகிறது என்றால் உள்ளே 600 கிடக்கும். ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதி இது. கிடப்பதை, ஒரு நாளில் முடிவதால் வகுத்தால் காத்திருக்கும் நாள். 6 நாள் என்பது 2,880 ஷிஃப்ட் நிமிடம். அதில் 20 நிமிடம் வேலை, ஒரு சதவீதம்கூட இல்லை. மீதியெல்லாம் தூக்கம். புது மெஷின் வாங்காதீர்கள், 600-ஐ 300 ஆக்குங்கள். முடியும் வேகம் குறையாமல் பார்த்துக்கொண்டால் 3 நாளில் சரக்கு வெளியே வரும்.

டை மாற்றவே பாதி ஷிஃப்ட் போகிறது. எப்படிச் சின்ன லாட் ஓட்டுவது?
– பிரஸ் ஷாப் உரிமையாளர், சென்னை

1,000 டன் பிரஸ்ஸில் 4 மணி நேரம் பிடித்த டை மாற்றத்தை, டொயோட்டாவில் ஷிகேயோ ஷிங்கோ என்ற ஆலோசகர் முதலில் 90 நிமிடமாக்கி, பிறகு 3 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார். மெஷின் நின்றபின் செய்வதில் எதையெல்லாம் ஓடும்போதே செய்யலாம் என்று பிரித்தார். போல்ட் தேடுவது, டையைக் கொண்டுவருவது, சூடேற்றுவது எல்லாம் முன்கூட்டியே. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் பாருங்கள்: ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி தயார். டாக்டர் திரும்பினால் போதும்.

ஸ்டாக்கே வைக்காவிட்டால், ஒரு தீ விபத்தில் எல்லாம் கவிழ்ந்துவிடாதா?
– சப்ளையர், ஒரகடம்

கவிழ்ந்தது. 1997 பிப்ரவரி 1-இல் ஐசின் ஆலை எரிந்தது. டொயோட்டாவுக்கான ஒரு சிறிய பிரேக் வால்வு கிட்டத்தட்ட முழுவதும் அங்கிருந்துதான். கையில் இருந்தது சில மணி நேர ஸ்டாக். ஜப்பானில் டொயோட்டா லைன்கள் பெரும்பாலும் நின்றன. ஆனால் தையல் மெஷின் செய்யும் பிரதர் கம்பெனி உட்படப் பலரும் வால்வு செய்துதர, ஒரு வாரத்துக்குள் மீண்டும் கார்கள் ஓடி வந்தன. 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு டொயோட்டா மின்னணுச் சில்லுகளைச் சில மாதங்களுக்குச் சேர்த்துவைக்கும்படி சப்ளையர்களிடம் சொன்னது. எதை வைப்பது என்று தேர்ந்தெடுப்பது லீன், எல்லாவற்றையும் வைப்பது பயம்.

எங்கள் ஆலைக்கு லீன் பொருந்துமா?
– பெயர் வேண்டாம், திருப்பூர்

என்ன ஆலை, என்ன ஆர்டர், ஒன்றும் சொல்லவில்லை. இதற்கு ஜோசியர்தான் பதில் சொல்வார். ஷிஃப்ட் நிமிடம், நாள் ஆர்டர், இப்போது லைனில் கிடக்கும் பீஸ், இந்த மூன்று எண்களையும் எழுதி அனுப்புங்கள். கடைசி எண்ணை சூப்பர்வைசரிடம் கேட்காதீர்கள், நீங்களே போய் எண்ணுங்கள்.