மாத்திரையும் படிப்பும்

கேள்வி: படித்தவர்களுக்கும் சர்க்கரை, பிரஷர் வருகிறதே! படிப்புக்கும் உடல்நலத்துக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகர் ஒருவர், வாசுதேவநல்லூர்

பதில்: வியாதிக்கு வந்த வீட்டில் பட்டம் இருக்கிறதா என்ற கவலை இல்லை, வந்ததை முற்றவிடாமல் பிடிக்கத்தான் படிப்பு வேண்டும். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் முதல் சர்க்கரை, பிரஷர் இரண்டுக்குமான மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. வாசலிலிருந்து வாய்க்குப் போவது நம் பொறுப்பு. "இப்ப நல்லாத்தானே இருக்கேன்" என்று பலர் நடுவில் நிறுத்திவிடுகிறார்கள். நன்றாக இருப்பதே மாத்திரையால்தான் என்று புரிவதே உடல்நலக் கல்வி. அதற்குக் கல்லூரி வேண்டாம். டாக்டரிடம் மூன்றே கேள்வி: எனக்கு என்ன? நான் என்ன செய்ய வேண்டும்? ஏன் செய்ய வேண்டும்? பதில் புரியும்வரை எழுந்திருக்காதீர்கள். பள்ளிக்கூடம் பார்க்காத பாட்டியும் இதைக் கேட்கலாம். படித்த பேரன் கூடப் போய்க் கேட்டுத் தரலாம்.