வில்லங்கம் பார்க்காத இணையதளம்

தாம்பரம் பக்கத்துக்காரர்களை மனை விஷயத்தில் ஏமாற்றுவது அத்தனை சுலபமில்லை. செம்பாக்கத்திலோ மாடம்பாக்கத்திலோ அரை கிரவுண்டு வாங்க வேண்டுமென்றால் முப்பது வருஷ வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், பட்டா, சி.எம்.டி.ஏ. அப்ரூவல், ஐப்பசி மழையில் தண்ணீர் எதுவரை நிற்கும் என்று எதிர் டீக்கடையில் ஒரு விசாரணை, இவ்வளவும் முடிந்தால்தான் அட்வான்ஸ் பற்றியே பேச்சு. அதே மனிதர்கள் மென்பொருள் என்று வந்தால் கலரைப் பார்த்து முடிவு செய்துவிடுவார்கள்.

2005. பி.எஸ்.என்.எல். பிராட்பேண்டு வந்த வருஷம். சேலையூர்ப் பக்கம் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு இணையதளம் வேண்டும் என்று பொதுக்குழுவில் தீர்மானம் போட்டார்கள். தண்ணீர் லாரி வரும் நாள், சந்தா பாக்கிப் பட்டியல், கால்வாய் மனுவின் கதி ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் ஒரு இன்ஜினியரிங் பையனைத் தேடிப் பிடிக்காமல் செயலாளரே ஏற்ற வேண்டும். அதற்குத்தான் சி.எம்.எஸ். என்கிற வகை மென்பொருள். ஓப்பன் சோர்ஸாக இருந்தால் காசில்லை என்று யாரோ சொன்னதும் பொருளாளர் முன்மொழிந்தே விட்டார்.

அன்றைய இளைஞர்கள் சோம்பேறிகள் அல்ல. பிஎச்பி-நியூக், மாம்போ, ட்ரூபல், வேர்ட்பிரஸ் என்று நாலையும் எக்ஸெல்லில் வரிசையாகப் போட்டு மதிப்பெண் கொடுத்தார்கள். கருத்துக்கணிப்பு வசதிக்கு எக்கச்சக்க மதிப்பெண். கைதூக்கி நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் சங்கத்துக்கு அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. ஓப்பன்சோர்ஸ்சிஎம்எஸ் என்று ஒரு தளம் இருந்தது. எந்த மென்பொருளானாலும் நிர்வாகியாகவே உள்ளே நுழைந்து பார்க்கலாம். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை எல்லாம் அழிந்து புதிதாகிவிடும். நாம் முகப்பை நீலமாக்குவோம், உலகத்தின் வேறு மூலையில் இருக்கும் இன்னொரு நிர்வாகி சிவப்பாக்குவார். நலச் சங்கத்துக்கு இதைவிட நல்ல ஒத்திகை கிடையாது.

தமிழ்ச் சோதனை தனியாக நடந்தது. உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான் என்பேன். யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவத்தில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட் பிடிக்கும்; அன்றைய மென்பொருள்கள் பலவும் எழுத்தை எண்ணாமல் பைட்டை எண்ணித்தான் செய்திச் சுருக்கத்தை வெட்டின. நூறு பைட் என்றால் முப்பத்து மூன்று குறியீடுகள் போக ஒரு பைட் அந்தரத்தில் தொங்கும். திரையில் அது ஒரு கேள்விக்குறியாகவோ கட்டமாகவோ வந்து நிற்கும். மாம்போ ஆங்கிலத்துக்கான ஐஎஸ்ஓ குறியாக்கத்தை வைத்துக்கொண்டுதான் பிறந்தது. அதன் மொழிக் கோப்பைத் திறந்து கையால் யூடிஎஃப்-8 என்று மாற்ற வேண்டும். ட்ரூபலும் வேர்ட்பிரஸும் அப்போதே இதில் தேவலை. ஆனால் செயலாளர் வீட்டுக் கணினியில் விண்டோஸ் 98. எந்த மென்பொருளைக் காட்டினாலும் அவருக்குத் தெரிந்தது கட்டங்கள்தான்.

பதிவுத் துறையில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் செயற்குழுவில் இருந்தார். அட்டவணையைக் கடைசிவரை படித்துவிட்டு, "தம்பி, இதுல மூலப் பத்திரம் யார் பேர்ல இருக்கு?" என்றார்.

"ஓப்பன் சோர்ஸ் சார். யார் பேர்லயும் இல்ல, எல்லாருக்கும் சொந்தம்."

"புறம்போக்குன்னு சொல்லுங்க."

சிரித்தார்கள். அவர் விடவில்லை. இதற்கு முன் இதில் என்னென்ன வில்லங்கம் வந்தது, யார் தீர்த்தார்கள், நாளைக்கு வேண்டாம் என்றால் சாமான்களோடு வெளியே போக வழி இருக்கிறதா? பிஎச்பி-நியூக்கின் பாதுகாப்பு ஓட்டைகள் ஊரறிந்தவை, அதனால் அந்த ஒன்றில் மட்டும் அவர் பேச்சு எடுபட்டது. மற்ற கேள்விகளுக்கு அட்டவணையில் கட்டமே இல்லை.

அந்த ஆகஸ்டிலேயே மாம்போ குடும்பத்தில் பாகப்பிரிவினை. மாம்போவை முதலில் உருவாக்கிய மிரோ என்ற ஆஸ்திரேலிய நிறுவனம் அறக்கட்டளை ஒன்றை அமைக்க, நிரல் எழுதிக்கொண்டிருந்தவர்கள் கட்டுப்பாடு கம்பெனி கைக்குப் போகிறது என்று சொல்லிக் கூட்டமாக வெளியேறினார்கள். ஜி.பி.எல். உரிமம் இருந்ததால் நிரலைத் தாராளமாக எடுத்துக்கொண்டு போக முடிந்தது, பெயரை மட்டும் எடுக்க முடியவில்லை. அது வர்த்தகக் குறி. செப்டம்பரில் ஜூம்லா என்று புதுப் பெயரில் அதே மென்பொருள் வெளிவந்தது. விஷயத்தைக் கேட்ட அந்தப் பெரியவர், "வீடு இவங்களுக்கு, வாசல் பேர்ப்பலகை அவங்களுக்கு. இந்த மாதிரி விடுதலைப் பத்திரம் நான் நிறையப் பதிஞ்சிருக்கேன்" என்றார்.

சங்கம் கடைசியில் எதை எடுத்தது என்பதை விடுங்கள். எதை எடுத்திருந்தாலும் செலவு வாசலில் இல்லை, மாடியேறும்போதுதான். ஜூம்லா 1.0-இல் இருந்தவர்கள் 2008-இல் 1.5 வந்தபோது புதுப்பிக்க முடியாது, குடிபெயரத்தான் வேண்டும். 2012-இல் 2.5 வந்தபோது மறுபடியும் அப்படியே. ட்ரூபல் 7 வெளிவந்தது 2011 ஜனவரியில். எட்டாம் பதிப்பு உள்ளே முழுக்க மாறிப்போனதால் ஏழிலேயே தங்கிவிட்ட கூட்டம் பெரிது. காலக்கெடுவைத் தள்ளித் தள்ளிக் கடைசியில் 2025 ஜனவரி 5-இல்தான் கதவைச் சாத்தினார்கள். 2014 அக்டோபர் 15-இல் அதே ட்ரூபல் 7-இல் ஒரு பெரிய ஓட்டையை அறிவித்தார்கள். ஏழு மணி நேரத்துக்குள் அடைக்காத தளங்கள் திருட்டுப் போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு வாரம் கழித்து எச்சரிக்கை வந்தது. நம்மூர்க் கணக்கில் அது இரவு ஒன்பதரை முதல் விடியற்காலை நாலரை வரை. சம்பளமில்லாத செயலாளர் ஒருவர் எந்தச் சங்கத்தில் அந்த நேரத்தில் விழித்திருக்கிறார்? அட்டவணையில் "பாதுகாப்பு" என்ற கட்டத்துக்குப் பத்துக்கு எட்டு போட்டிருந்தார்கள். ஒட்டுப் போடுவது யார் என்பதற்குக் கட்டம் இல்லை.

இப்போது பஞ்சாயத்து, நகராட்சி எல்லாம் போய் நாம் தாம்பரம் மாநகராட்சி ஆகிவிட்டோம். அரை கிரவுண்டுகள் சேர்ந்து அடுக்குமாடிகள் ஆகிவிட்டன. அட்டவணை போடுகிறவர் யாரும் இல்லை. இணையதளம் என்றால் வேர்ட்பிரஸ்தான். உலகத்துத் தளங்களில் பத்துக்கு நாலுக்கு மேல் அதில் ஓடுகிறதாம், பிறகென்ன விசாரணை? வாட்ஸ்அப் குழுவில் பத்து கட்டைவிரல் உயர்ந்தால் தீர்மானம் நிறைவேறியது. மாடம்பாக்கம் ஏரிக்கரை விளக்குப் பழுது என்று தமிழில் தலைப்பு வைத்தால் முகவரி இன்றும் "மாடம்பாக்கம்-ஏரிக்கரை-வி" என்று நின்றுபோகும். முகவரியில் ஒரு தமிழ்க் குறியீடு ஒன்பது எழுத்தாக விரியும், வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பதோ இருநூறு. அன்றைய பையன்கள் இதை முதல் ராத்திரியே கண்டுபிடித்திருப்பார்கள்.

பெயர்ப்பலகைச் சண்டையும் ஓயவில்லை. 2024 செப்டம்பரில் வேர்ட்பிரஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான மேட் முல்லன்வெக்குக்கும் டபிள்யூபி எஞ்சின் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் வர்த்தகக் குறி விஷயத்தில் முட்டிக்கொண்டது. அந்த நிறுவனம் வேர்ட்பிரஸ் தளத்தின் செருகுநிரல் கிடங்கை அணுக முடியாதபடி முல்லன்வெக் தரப்பில் அடைத்தார்கள். அக்டோபரில் வழக்கு கலிபோர்னியா நீதிமன்றத்துக்குப் போனது. நிரல் எல்லாருக்கும் சொந்தம் என்பது அப்போதும் உண்மைதான். கிடங்கின் சாவி யார் இடுப்பில் என்பது வேறு சமாச்சாரம்.

எங்கள் அடுக்குமாடியில் போன வருஷம் அதையும் தாண்டிவிட்டார்கள். ஓப்பன் சோர்ஸும் வேண்டாம், தளமும் வேண்டாம், செயலி போதும். முதல் வருஷம் இலவசம் என்று டை கட்டிய தம்பி ஒருவர் வந்து கம்யூனிட்டி ஹாலில் புரொஜெக்டர் போட்டுக் காட்டினார். முடிவில், "நாளைக்கு நாங்க விலகினா எங்க கணக்கு வழக்கை எல்லாம் எக்ஸெல்ல எடுத்துத் தருவீங்களா?" என்று கேட்டேன்.

"ஏன் சார் விலகணும்?" என்றார் உண்மையான அக்கறையோடு. பிறகு, ஆபீஸில் கேட்டுச் சொல்கிறேன் என்று நோட்டில் குறித்துக்கொண்டார். அதற்குள் செயற்குழுவில் பாதிப் பேர் செயலியை இறக்கி, குடும்ப உறுப்பினர் விவரம், கார் எண், வேலைக்கார அம்மாவின் போட்டோ வரை ஏற்றிவிட்டிருந்தார்கள். நீலக் கலர் கண்ணுக்கு இதமாக இருக்கிறதாம்.