பெங்களூர் பிப்ரவரி வேண்டி ஒரு மனு

அனுப்புநர்: கார் எஞ்சின் ட்யூனிங் செய்பவன், துவாக்குடி.
பெறுநர்: மத்திய பெட்ரோலிய அமைச்சகம், புது தில்லி.
பொருள்: நன்றி தெரிவித்தலும், பெங்களூர் பிப்ரவரியைத் துவாக்குடிக்கு நீட்டிக்கக் கோருதலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

2030-க்கு வைத்திருந்த, பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலக்கும் இலக்கை 2025-லேயே எட்டிவிட்டீர்கள். பால்பண்ணை முதல் துவாக்குடி வரை சர்வீஸ் ரோடு கேட்டே வயதாகிப்போன எங்களுக்கு, அரசாங்கத்துக்கு இத்தனை வேகம் உண்டென்பதே புதுச் செய்தி. குடித்துவிட்டு ஓட்டினால் 10,000 ரூபாய் அபராதம். வண்டியே குடித்தால் தேசியக் கொள்கை. நல்லது.

தொழில்காரனாகச் சொல்கிறேன், எத்தனால் மட்டமான சரக்கல்ல. 91 ஆக்டேன் 95 ஆகிறது. ஆவியாகும்போது சூட்டையும் தணிக்கிறது. மே மாதத்தில் 40 டிகிரி காற்றை இழுத்து நாக் அடிக்கும் டர்போ எஞ்சினுக்கு அது வரம். டைமிங்கைக் கொஞ்சம் முன்னே தள்ளலாம். ஆனால் பெட்ரோல் மாறிய சேதியை எஞ்சினுக்கு யார் சொல்வது? ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். அதே காற்றுக்குக் கூடுதலாக ஊற்றியாக வேண்டும். மெதுவாகப் போகும்போது ஆக்சிஜன் சென்சார் சமாளித்துக்கொள்ளும். ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தால் பல வண்டிகளில் எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியு அந்த சென்சாரைக் கேட்பதில்லை. பழைய பெட்ரோலுக்கு எழுதிய கணக்கையே பார்க்கும். கலவை லீனாகும், சூடு ஏறும், வண்டி என் ஷெட்டுக்கு வரும். நன்றி அதற்குத்தான்.

நிதி ஆயோக் 2021 அறிக்கையில் மூன்று விஷயம் இருந்தது. இ10-க்கு (10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்) ட்யூன் செய்த பழைய கார்களில், 20 சதவீதம் கலந்த இ20 ஊற்றினால் மைலேஜ் 6-7 சதவீதம் குறையும்; அதை ஈடுகட்ட விலையைக் குறைக்க வேண்டும்; பழைய வண்டிகளுக்கு இ10 தொடர்ந்து கிடைக்க வேண்டும். முதலாவதை மட்டும் தவறாமல் நிறைவேற்றியிருக்கிறீர்கள்.

இ20 விற்பனை 2023 பிப்ரவரியில் பெங்களூரில் தொடங்கியது. அந்த இதமான வானிலைக்கு எந்த எஞ்சினும் சமர்த்தாக ஓடும். பெட்ரோலை மட்டும் இங்கே அனுப்பிவிட்டு அந்தப் பிப்ரவரியை அங்கேயே வைத்துக்கொண்டது நியாயமா? அடுத்த டேங்கரில் அதையும் ஏற்றிவிடவும். முடியாதென்றால் அக்னி நட்சத்திரத்தை 25 டிகிரிக்குள் முடித்துக்கொள்ள ஓர் அரசாணை போடவும். அதற்கும் கோப்பு நகராதென்றால், பங்க்கில் ஒரு பம்பை இ10-க்கு ஒதுக்கினால் போதும்.

பதில் வரும்வரை, வருகிற வண்டிகளுக்கெல்லாம், அடிவரை மிதிக்கும்போது ஊற்றும் பெட்ரோல் கணக்கைக் கூட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கொள்கையால் பிழைப்பவன்.