துக்கமும் இல்லை, விசேஷமும் இல்லை

எங்கள் காலத்தில் விருத்தாசலத்துக்கு யாரும் ஓய்வெடுக்க வந்ததில்லை. ரயில் மாற வந்தார்கள். விழுப்புரம் – திருச்சி பாதையும் கடலூர் – சேலம் பாதையும் குறுக்கிடும் ஜங்ஷன் என்பதால், வேறு ஊருக்குப் போகிறவர்கள்தான் எங்கள் பிளாட்பாரத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள். பிராது கட்ட வந்தார்கள். பக்கத்து மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் சன்னிதியில், இன்னார் என் பணத்தை ஏமாற்றிவிட்டார், இன்னார் என் ஆட்டைத் திருடிவிட்டார் என்று தாளில் மனு எழுதிக் கட்டிவிட்டுப் போவார்கள். பீங்கான் சாமான் வாங்க வியாபாரிகள் வந்தார்கள். விருத்தகாசி என்று ஊருக்கு இன்னொரு பெயர். அதனால் சாகவும் வந்தார்கள், செத்தவர்களைக் கரைக்கவும் வந்தார்கள். மணிமுத்தாற்றில் கரைத்த எலும்பு கூழாங்கல் ஆகிவிடும் என்பது நம்பிக்கை. இத்தனை பேர் வந்த ஊரில் சும்மா வந்தவர் என்று ஒருவரைக்கூட நான் பார்த்த ஞாபகமில்லை.

இப்போது சும்மா வருகிறார்கள். அப்படி வந்தவர்களில் நானும் ஒருவன்.

மகளுடைய ஏற்பாடு அது. சனி, ஞாயிறு இரண்டு நாள், லேப்டாப் இல்லாமல், “அமைதியா ஒரு பழைய ஊர், ஆத்தங்கரை, கிராமம், கைத்தொழில், அவ்ளோதாம்ப்பா” என்றாள். ஊட்டி, ஏலகிரி எல்லாம் கூட்டமாம். போனில் தேடித் தேடி அவள் கண்டுபிடித்தது மணிமுத்தாற்றுப் பள்ளத்தாக்கு. எங்கள் ஊரில் பள்ளத்தாக்கு எங்கே வந்தது என்று நான் கேட்கவில்லை. மலையே கண்ணுக்குத் தெரியாத ஊருக்கு முதுகுன்றம், பழமலை, விருத்தாசலம் என்று மூன்று விதமாக மலைப் பெயர் வைத்தவர்கள் நாங்கள். திருவண்ணாமலைக்கும் முந்திய மலை, காலப்போக்கில் பூமிக்குள் போய்விட்டது என்று சொல்லிக்கொள்வோம். அந்தக் கணக்கில் ஒரு பள்ளத்தாக்கும் இருந்துவிட்டுப் போகட்டுமே.

வருகிறோம் என்று அத்தைக்குப் போன் செய்தேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “ஏம்பா, யாருக்கு என்னா?” என்றார்.

“யாருக்கும் ஒண்ணுமில்லத்தே. சும்மாதான்.”

“துக்கமும் இல்ல, விசேஷமும் இல்ல, எதுக்குப்பா காரு வெச்சிக்கினு வரணும்? சொத்து கித்து விக்கிறியா?”

என் அப்பா இருந்திருந்தால் அவரும் இதையேதான் கேட்டிருப்பார். பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு சூளையில் வேலை பார்த்தவர் அவர். பக்கத்தில் நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரியை எடுக்க மேலே இருக்கும் மண்ணை முதலில் தோண்டிப் போட வேண்டும். அந்த மண்ணோடு வெள்ளைக் களிமண்ணும் வந்தது. நிலக்கரிக்காரர்களுக்கு வேண்டாத மண்ணில் எங்கள் ஊருக்கு ஒரு தொழில் கிடைத்தது. 1960களில் அரசாங்கம் தொழிற்பேட்டை போட்டது. பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு கல்விக்கூடமும் ஊரில் வந்தது. ஊறுகாய் ஜாடி, பொம்மை, மின்கம்பத்து இன்சுலேட்டர், கழிப்பறைக் கோப்பை எல்லாம் செய்தார்கள். ஆனால் ஊருக்குச் சோறு போட்டது பியூஸ் கேரியர். வீட்டில் எல்லோரும் பீஸ் கட்டை என்போமே, அதே வெள்ளைக் கட்டை. தமிழ்நாட்டில் எந்த வீட்டில் கரண்ட் போய் யார் நாற்காலி போட்டு ஏறிக் கட்டையை உருவிப் பார்த்தாலும், கையில் இருப்பது எங்கள் ஊர்ச் சரக்காக இருக்க நியாயம் உண்டு. சிறுவயதில் எனக்கு இதில் பெரிய கர்வம். வெளியூர் உறவினர் வீட்டுக்குப் போனால் முதலில் மெயின் பாக்ஸைத்தான் பார்ப்பேன்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. களிமண்ணோடு குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார் எல்லாம் அரைத்துச் சேர்ப்பார்கள். அப்பாவின் தலைமுடி, காது மடல், சட்டை மடிப்பு எல்லாவற்றிலும் அந்த மாவு இருக்கும். அச்சில் அழுத்தி எடுத்ததைப் பெண்கள் உட்கார்ந்து பிசிறு தட்டுவார்கள், எண்ணிக்கைக்குக் கூலி. காய்ந்ததும் பளபளப்புக்கு மேற்பூச்சு, அப்புறம் சூளை. ஆயிரம் டிகிரிக்கு மேல் போகும் சூட்டுக்குப் பக்கத்தில், கத்திரி வெயிலில், நாள் முழுக்க நின்றவரிடம் ஞாயிற்றுக்கிழமை எங்கேயாவது போகலாமா என்று கேட்டால் என்ன சொல்வார்? திண்ணையில் துண்டை விரித்துப் படுத்துவிடுவார். அதுதான் எங்கள் குடும்பத்தின் வாரக்கடைசி உல்லாசம். செலவு ஒன்றுமில்லை, முன்பதிவும் தேவையில்லை.

பீஸ் கட்டையைக் கவிழ்த்தது எம்.சி.பி. என்கிற பிளாஸ்டிக் சுவிட்ச். கரண்ட் அதிகமானால் அதுவே விழுந்துகொள்ளும், தூக்கிவிட்டால் போதும். கம்பி சுற்ற வேண்டாம், நாற்காலி வேண்டாம். என் சென்னை வீட்டிலும் வரிசையாக அதுதான் இருக்கிறது. அப்பா பார்த்த தொழிலுக்கு என் வீட்டுச் சுவரிலேயே இடமில்லை. தொழிற்பேட்டை இப்போது அகல் விளக்கையும் பொம்மையையும் பெரிதும் நம்பியிருக்கிறது. கார்த்திகையும் கொலுவும் காப்பாற்றுகின்றன. சாமி கும்பிடுவதற்கு இன்னும் எம்.சி.பி. கண்டுபிடிக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் மகளையும் மாப்பிள்ளையையும் அங்கேதான் முதலில் கூட்டிப்போனேன். சில கொட்டகைகள் பூட்டிக் கிடந்தன. ஒன்றில் பெண்கள் பச்சை விளக்குகளுக்குப் பிசிறு தட்டிக்கொண்டிருந்தார்கள். மகள் சிலிர்த்துப் போனாள். சென்னையில் அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பணம் கட்டி மண்பாண்ட வகுப்புக்குப் போனவள். மனசுக்கு அவ்வளவு நிம்மதியாம். கோணலாக ஒரு கோப்பை செய்து கொண்டுவந்தாள், இன்னும் பேனா போட்டு வைத்திருக்கிறோம். அதைச் சொல்லி, “இங்கேயும் அந்த மாதிரி நடத்தலாமே, டூரிஸ்ட் வருவாங்க” என்றாள்.

வேலை செய்துகொண்டிருந்த அம்மா கையை நிறுத்தாமல் கேட்டார்: “காசு வாங்கிக்கினு பெசையறாங்களா, காசு குடுத்துப் பெசையறாங்களா?”

“குடுத்துதான்.”

“எவ்ளோ?”

மகள் தொகையைச் சொன்னாள். அந்த அம்மா பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். இருவரும் சிரித்த சிரிப்பில் மாப்பிள்ளை காருக்குப் போய்விட்டார்.

அங்கிருந்து ஊரின் சிவன் கோயிலான பெரிய கோயிலுக்குப் போனோம். கூட்டமில்லை. இங்கே எல்லாம் ஐந்து: கோபுரம் ஐந்து, பிராகாரம் ஐந்து, தேர் ஐந்து, நந்தி ஐந்து என்று சின்ன வயதில் விரல் மடக்கிச் சொல்வோம். செங்கல் கோயிலைக் கற்கோயிலாக்கியவர் செம்பியன் மாதேவி. கணவன் போனபின் ஊர் ஊராகக் கோயில் எடுத்த அந்தச் சோழப் பேரரசிக்கும் வாரக்கடைசி இருந்திருக்காது. ஆழத்துப் பிள்ளையார் பதினெட்டுப் படிக்குக் கீழே, பள்ளத்தில் இருக்கிறார். “நீ தேடின பள்ளத்தாக்கு இதுதாண்டி” என்றேன். மகள் சிரிக்கவில்லை.

அம்மனுக்கு இங்கே இரண்டு உருவம். குரு நமசிவாயர் என்ற அடியார் பசியோடு வந்து பெரியநாயகியைக் கிழத்தி என்று விளித்துப் பாடிச் சோறு கேட்டாராம். அம்மன் கிழவியாகவே வந்து, கிழவியால் நடந்து சோறு கொண்டுவர முடியுமா, ஒழுங்காகப் பாடு என்றாளாம். இளமையாக்கிப் பாடினார், பாலாம்பிகை வந்தாள். கிழவி என்றால் அம்மனுக்கே பொறுக்காத ஊரை நாங்கள் ‘பழைய ஊர்’ என்று கொண்டாடி வந்திருக்கிறோம்.

இந்தக் கோயிலிலிருந்து உண்மையில் நீண்ட பயணம் போனவர் அர்த்தநாரீஸ்வரர். கல்லில் செய்த சிலை. திருடுபோய், சுபாஷ் கபூர் என்ற கலைப்பொருள் வியாபாரியின் கைக்குப் போய், 2004இல் சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் விலைக்கு வாங்கியது. முறையாக வாங்கி விற்றதாகக் காகிதமும் இருந்தது. காகிதம் பொய், சிலை எங்கள் கோயில் மாடத்தில் நின்றதுதான் என்று காட்டிக்கொடுத்தது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படம். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் தில்லிக்கு வந்தபோது கையோடு கொண்டுவந்து ஒப்படைத்தார். எனக்கு ஆச்சரியம் வேறு. சிலை காணாமல் போனதை எங்கள் ஊரில் நாங்கள் எத்தனை பேர் கவனித்தோம்? அந்த மாடத்தின் கீழேதான் பரீட்சைக்குப் படித்தோம், பாக்கு மட்டையில் சுண்டல் வாங்கித் தின்றோம். கூர்ந்து பார்த்தவர்கள் புகைப்படம் எடுத்தவரும் திருடினவரும்தான் போலிருக்கிறது. இப்போது வருகிற டூரிஸ்ட்டுகளை நான் முழுதாகக் கேலி செய்யாததற்கு இது ஒரு காரணம். அவர்களாவது ஒவ்வொரு சிலையையும் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். நாளைக்கு உதவும்.

மறுநாள் ஊர் சுற்றல். பெண்ணாடம் போனோம். தூங்கானை மாடம் என்று அங்கே விமானத்தின் பின்பக்கம் யானை படுத்திருப்பதுபோல வளைந்திருக்கும். அந்த இரண்டு நாளில் நிம்மதியாகப் படுத்திருந்தது அந்த யானை ஒன்றுதான். எங்களுக்குப் பட்டியல் இருந்தது. ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராகர், நாயக்கர் காலத்து மண்டபத்தில் குதிரைவீரர் தூண்கள், பன்றி உருவம் எடுத்தவருக்குப் பிடித்தது என்று கோரைக்கிழங்குப் பிரசாதம். மாசி மகத்துக்கு இந்தப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குப் போகும்போது அங்கே தர்காவிலும் மரியாதை நடக்கும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை மணி பார்த்தார். அடுத்த இடத்துக்கு நேரமாகிவிட்டது. ஓய்வுக்கு இவ்வளவு கறாரான கால அட்டவணையை அப்பாவின் சூளையில்கூட நான் பார்த்ததில்லை.

அடுத்த இடம் கூடலையாற்றூர். மணிமுத்தாறு வெள்ளாற்றில் சேரும் இடம். போன் சொன்ன வழியில் போய் ஒரு முந்திரித் தோப்புக்குள் நின்றோம். மகளுக்குக் கோபம். நான் சுந்தரர் கதையைச் சொன்னேன். அவர் முதுகுன்றம் போக வழி கேட்டார்; வேதியர் வேடத்தில் வந்த சிவபெருமான், இது கூடலையாற்றூர் போகும் வழி என்று சொல்லி, கூடவே நடந்து வந்து அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு மறைந்தார். கேட்டது ஓர் ஊர், சேர்ந்தது வேறு ஊர். சுந்தரர் கோபப்படவில்லை, பதிகம் பாடினார். நாங்கள் முந்திரித் தோப்பைக் குறை சொல்லி ஒரு நட்சத்திரம் கொடுத்தோம்.

அதே சுந்தரருக்கு விருத்தாசலத்தில் பன்னிரண்டாயிரம் பொன் கிடைத்ததாகவும், அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்ததாகவும் புராணம். சிறுவயதில் இதை நம்ப எங்களுக்குச் சிரமமாக இருந்தது. இப்போது இல்லை. எங்கள் ஆற்றில் இருந்த மணல் லாரி லாரியாகப் போய்ச் சென்னையில் அடுக்குமாடியாக எழுந்ததை நேரில் பார்த்தவர்கள் நாங்கள். நான் குடியிருக்கும் கட்டடத்தின் சுவரிலும் எங்கள் ஊர் மணல் கொஞ்சம் இருக்கலாம். அன்று கோடையில் ஆற்றில் கையால் ஊற்றுத் தோண்டினால் முழங்கை ஆழத்தில் தண்ணீர் சுரக்கும். குடத்தில் மொண்டு, அங்கேயே குளித்து, ஈரத்துணியை மணலில் விரித்துப் படுப்போம். இன்று ஊருக்குள் ஆறு போகும் இடத்தில் சாக்கடை கலக்கிறது, கரையில் சீமைக்கருவேலம். மகள் பாலத்தின் மேலிருந்தே படம் எடுத்தாள். படத்தில் ஆறு அழகாகவே இருக்கிறது. போன் அப்படிச் செய்துவிடுகிறது.

முந்திரித் தோப்பில் வழி சொன்ன பெரியவரின் பேச்சு பாதி மாப்பிள்ளைக்குப் புரியவில்லை. அதற்கும் அகராதி இருக்கிறது. பக்கத்து மணக்கொல்லைக்காரரும் அரசுப் பேருந்துப் பணிமனைத் தொழிலாளியுமான கண்மணி குணசேகரன், எங்கள் வட்டாரமான நடுநாட்டின் சொற்களைத் திரட்டி அகராதி போட்டிருக்கிறார். ‘செல்லாத பணம்’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது வாங்கிய இமையம் விருத்தாசலத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். சொ. விருத்தாசலம் என்கிற புதுமைப்பித்தன் மட்டும் பெயரை வைத்துக்கொண்டு 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்துவிட்டார். குணசேகரனும் இமையமும் இங்கே வேலை பார்த்தபடி இந்த ஊரையும் சுற்று வட்டாரத்தையும் எழுதியவர்கள். ஓய்வெடுக்க வந்து எழுதியவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். தரம் எப்படி என்பதை நீங்கள் சொல்லலாம்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காரை விட்டுவிட்டு ரயிலில் போங்கள். எழும்பூரிலிருந்து போகிற வண்டிகள் பல அங்கே நிற்கின்றன. மதியம் நடை சாத்துமுன் பெரிய கோயிலைப் பார்த்துவிடுங்கள். பட்டியல் போடாதீர்கள். கார்த்திகைக்கு ஒரு மாதம் முன்னால் போனால் தொழிற்பேட்டையில் விளக்குகள் குவிந்திருக்கும். வேண்டியதை வாங்குங்கள், வேண்டாததையும் இரண்டு வாங்குங்கள். சொன்ன விலையைக் கொடுத்துவிடுங்கள். பேரம் பேசுவதும் ஒரு வேலைதான். நீங்கள் ஓய்வுக்குத்தானே போகிறீர்கள்?