எங்கள் சுவரில் உங்கள் குளிர்

பெறுநர்:
செயலாளர் அவர்கள், எங்கள் குடியிருப்பு நலச்சங்க அலுவலகம், தரைத்தளம், சென்னை.

ஐயா,

உங்கள் அலுவலகத்துக்கும் எங்கள் படுக்கையறைக்கும் நடுவே இருப்பது நாலரை அங்குலச் சுவர் ஒன்றுதான். அதில் மூன்றாவது ஐப்பசியாகப் பூஞ்சை பிடித்திருப்பது குறித்து நான் கொடுத்த மனுவுக்கு உங்கள் சுற்றறிக்கை பதிலாக வந்தது. ஜன்னலைத் திறந்து வைக்கவும், வீட்டுக்குள் துணி காயப்போட வேண்டாம், ஆவி வரும் சமையலைக் குறைத்துக்கொள்ளவும். இட்லி அவிக்கச் சங்கத்தில் அனுமதி வாங்க வேண்டுமா என்று என் மனைவி கேட்கச் சொன்னாள்.

அறிவுரை பிரமாதம், லண்டனுக்கு. அங்கே குளிர்காலத்தில் வெளிக்காற்று 5 டிகிரி. அதன் ஈரப்பதம் 90 சதவீதமே ஆனாலும், வீட்டுக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடானதும் 35-க்குக் கீழே போய்விடும். ஜன்னலைத் திறந்தால் வீடு உலரும். நம் ஊர் மழைக்காலத்தில் திறந்தால் ஈரம்தான் உள்ளே வரும். 30 டிகிரியில் 80 சதவீத ஈரத்தோடு இருக்கும் காற்று, 26 டிகிரிச் சுவரில் பட்டாலே நீர் கோக்கும். பூஞ்சைக்கு அவ்வளவுகூட வேண்டாம். சுவரை ஒட்டிய காற்றில் ஈரம் 80 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் போதும், அட்வான்ஸ் கொடுக்காமலே குடியேறிவிடும்.

சுவர் ஏன் குளிர்ந்தது? உங்கள் ஏசி 18-ல் ஓடுகிறது. நட்சத்திரக் குறியுள்ள ரூம் ஏசிகள் 24-ல் தொடங்க வேண்டும் என்று 2020 ஜனவரியிலேயே விதி வந்துவிட்டது. அங்கிருந்து 18-க்கு வர ரிமோட்டை ஆறு தடவை அழுத்த வேண்டும். உங்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை.

போன வாரம் பீரோவை நகர்த்திப் பார்த்தேன். கரும்பச்சைப் புள்ளிகள், எள்ளை வாரி இறைத்த மாதிரி. உங்கள் அறை முடிகிற இடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாற்போல் அவையும் நின்றுவிடுகின்றன. இட்லி அவியும் சமையலறைச் சுவரில் ஒரு புள்ளி இல்லை.

பின்லாந்து ஆய்வாளர்கள் பூஞ்சைக்கு 0 முதல் 6 வரை மதிப்பெண் வைத்திருக்கிறார்கள். வெப்பமும் ஈரமும் எத்தனை நாள் எப்படி இருக்கும் என்று கொடுத்தால், எப்போது, எவ்வளவு வளரும் என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம். கண்ணுக்குத் தெரிந்தால் 3. சுவரையே மூடிவிட்டால் 6. பீரோவுக்குப் பின்னால் நாங்கள் 5 வாங்கியிருக்கிறோம். நீங்களோ பொங்கலுக்குப் பொங்கல் பெயின்டரை அனுப்பி, பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்து எங்களை முட்டையாக்கிவிடுகிறீர்கள். அடுத்த மழைக்குப் பெயின்ட் உரிந்து மதிப்பெண் திரும்பிவிடுகிறது.

ஏசியை 26-ல் வைத்து ஃபேனைப் போடுங்கள். முடியாதென்றால் உங்கள் பக்கச் சுவரில் இடைவெளியில்லாமல் தெர்மாகோல் பலகை ஒட்டுங்கள். கமிட்டிக் கூட்டத்து வடைச் செலவில் முடிந்துவிடும்.

அதுவரை சங்கத்துக்கு என்னாலானது: செயலாளர் வந்துவிட்டாரா என்று யாராவது எங்கள் கதவைத் தட்டினால், படுக்கையறைச் சுவரில் கை வைத்துப் பார்த்துச் சொல்லி அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சுவர் காய்ந்திருக்கும்.

இப்படிக்கு,
பக்கத்துச் சுவர்க்காரன்