டிஸ்ப்ளே வராமை: ஓர் அளவையியல் ஆய்வு

"சிஸ்டம் ஆன் ஆகுது, ஆனா டிஸ்ப்ளே வரல" என்ற வாக்கியம் விழுப்புரம் நேருஜி சாலையிலும் திண்டிவனம் நேரு வீதியிலும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாகவே ஒலிக்கிறது. அதைப் புலம்பல் என்று தள்ளிவிடுவது வழக்கம். இவ்வாய்வு அதைத் தருக்கச் சிக்கலாக எடுத்துக்கொள்கிறது. அதற்குத் தகுந்த மண்தான் இது. 13-ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார் வாழ்ந்த திருவெண்ணெய்நல்லூர் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கையை மறுக்கப் பரபக்கம், தம் கொள்கையை நிறுவச் சுபக்கம் என்று பிரித்துக்கொண்டு வாதாடியவர். காட்சி (நேரில் காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (சொல்லக் கேட்டு அறிவது) என்ற அளவைகளையும் வகுத்துக் காட்டியவர். திரை கறுத்துப்போன வீட்டில் காட்சி அளவை முதலிலேயே பறிபோய்விடுகிறது. மிஞ்சுவது கருதலும் உரையும். நம் மக்களோ இரண்டையும் விட்டுவிட்டு, மானிட்டரைத் துண்டில் சுற்றி டிவிஎஸ் எக்ஸ்எல்லில் முன்னால் வைத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். சிபியு மேசைக்கடியில் நிம்மதியாக இருக்கிறது. மானிட்டர் நிரபராதி என்பதே நமது சுபக்கம்.

முதற்சான்று மானிட்டரின் சொந்த வாக்குமூலம். கேபிளைப் பிடுங்கிவிட்டு ஸ்விட்ச் போட்டால் 'நோ சிக்னல்' என்று எழுதிக்காட்டும். செத்தவன் தன் இறப்புச் சான்றிதழை எழுதிக் கையெழுத்துப் போட முடியாது. எழுதுகிறது என்றால் உயிரோடு இருக்கிறது. அடுத்த சான்று வரிசைமுறை. ஸ்விட்ச் போட்டதும் ப்ராசஸர் விழித்து, பயாஸைப் படித்து, ரேமைச் சோதித்துத் தயார்செய்த பிறகே படம் காட்டும் வேலைக்கு வருகிறது. ரேம் சரியாகப் பதில் சொல்லாவிட்டால் ஃபேன் ஓடும், விளக்கு எரியும், படம் மட்டும் வராது. பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவனுக்குப் பாயசம் தீர்ந்துபோனதென்றால் குற்றம் அவனுடையதா? 1981-இல் ஐபிஎம் பிசி வந்தபோதே இப்படிப்பட்ட கோளாறுகளைப் பீப் ஒலியால் சொல்லும் ஏற்பாடு இருந்தது. நீண்ட ஒலி திரும்பத் திரும்ப வந்தால் பல போர்டுகளில் ரேம் சரியில்லை என்று பொருள். அது உரை அளவை. இப்போது வரும் கேபினெட் பலவற்றில் அந்தக் குட்டி ஸ்பீக்கரே இல்லை. சாட்சியை வாயடைத்துவிட்டு வழக்கு நடத்துகிறோம். புகையைக் கண்டு நெருப்பை அறிவது கருதலுக்கு அளவைநூலாரின் பழைய எடுத்துக்காட்டு. மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி விஷயத்தில் அது எடுத்துக்காட்டோடு நிற்பதில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும்.

ஆக, குற்றம் பெரும்பாலும் தொடுமிடங்களில். ஜெராக்ஸ் கடைகளில் இன்றும் உழைக்கும் நீலத்தலை விஜிஏ கேபிள் 1987-இல் பிறந்தது. 15 பின், இருபுறமும் இரண்டு திருகு. திருகை யாரும் திருகுவதில்லை. கிராஃபிக்ஸ் கார்டு இருக்க, போர்டில் உள்ள ஓட்டையில் கேபிளைச் செருகிவைக்கும் டிடிபி சென்டர்களும் உண்டு. அவையெல்லாம் சில்லறை. தலையாயது ரேம். சிபியு பகலில் சூடேறி இரவில் ஆறும்போது ஸ்லாட்டுக்குள் ரேம் அணுவணுவாக அசைகிறது, தூசி புகுகிறது. திண்டிவனத்திலிருந்து கிழக்கே 30 கிலோமீட்டர் சொச்சத்தில் மரக்காணத்து உப்பளமும் கடலும் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தைச் சொல்லவே வேண்டாம். மின்சாரத்தைத் துண்டித்து, ரேமைக் கழற்றி, அதன் மஞ்சள் பல்வரிசையைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளை ஊதாமல் தூரிகையால் தட்டி, இருபக்கக் கொக்கியும் 'டக்' என்று விழும்வரை அழுத்தினால் பெரும்பாலும் திரை வந்துவிடுகிறது.

பரபக்கத்தார் சும்மா இருக்க மாட்டார்கள். பல்வரிசையில் இருப்பது தங்கம், தங்கம் கறுக்காதே, எதைத் துடைக்கிறீர் என்பது அவர்கள் கேள்வி. தங்கம் கறுக்காது, உண்மை. ஆனால் அது மெல்லிய பூச்சு. அதன் நுண்துளை வழியாக அடியிலுள்ள உலோகம் அரித்து மேலே வரும். விரலின் எண்ணெயும் சேரும். அப்படியானால் தேய்த்தால் பூச்சே போய்விடாதா? போகும், பேனா மை அழிக்கும் சொரசொரப்பான ரப்பரை எடுத்தால். வெள்ளை ரப்பரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நிலைமின்சாரம் ரேமைக் கொன்றுவிடும் என்போருக்கு, கேபினெட்டின் வெற்று இரும்பைத் தொட்டுவிட்டுத் தொடங்குங்கள் என்பது பதில். எந்த ஈரக்காற்று உலோகத்தை அரித்ததோ அதே ஈரக்காற்றுதான் நிலைமின்சாரம் சேராமலும் பார்த்துக்கொள்கிறது. கடைசிக் கேள்விதான் கூர்மையானது: வேலை செய்தது ரப்பரா, வெறுமனே கழற்றி மாட்டியதா? மாட்டும்போதே ஸ்லாட்டின் கம்பிகள் பற்களைச் சுரண்டிவிடுகின்றன என்பதால் இதில் நியாயம் இருக்கிறது. ஒரு முறை தேய்க்காமல் மாட்டிப் பார்த்தால் தீர்ப்புக் கிடைத்துவிடும். ஆனால் திரை வந்துவிட்ட பிறகு மறுபடி கழற்றி ஆராய்ச்சி செய்ய இரு ஊர்களிலும் எவரும் இசைவதில்லை. ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்க வரிசை நிற்கிறது.

இக்கொள்கைக்கு எல்லை உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை கொட்டியது. அந்த மாதிரி வெள்ளத்தில் நின்ற சிபியுவுக்கு ரப்பர் மருந்தல்ல. பிளக்கைப் பிடுங்கி, பயாஸ் அமைப்புகளுக்குக் காவலான காசளவு பேட்டரியையும் எடுத்துவிட்டு, சேற்றைச் சுத்தம் செய்து, போர்டு உள்வரை காயும்வரை பொறுக்க வேண்டும். "சும்மா ஒரு தடவை போட்டுப் பார்ப்போமே" என்று ஸ்விட்சை நோக்கி வரும் கையை யாராவது பிடித்துக்கொள்வது நல்லது.